ரேடியோவுக்குச் சொன்ன பதில்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு பூசை. காலையில் மாதா கோயிலில் ஒன்று, மாலை ஆறேகாலுக்கு ரேடியோவில் ஒன்று. இப்படிச் சொன்னது அம்மா. வேறு யாராவது சொல்லியிருந்தால் அப்பா சும்மா விட்டிருக்க மாட்டார். அம்மா என்பதால் முறைப்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அப்பா திண்டுக்கல்லில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர். அவருடைய மேஜைமேல் பூத்துணி போர்த்திய ரேடியோ இருந்தது. திருகியவுடன் பேசாது. உள்ளே விளக்கு எரிந்து, சூடேறி, தொண்டையைச் செருமிக்கொண்டுதான் ஆரம்பிக்கும். ஆறேகாலுக்கு நிகழ்ச்சி என்றால் ஆறு மணிக்கே அதை எழுப்பிவிடுவார்.

சமயமும் ஒழுக்கமும் பற்றிய நிகழ்ச்சி அது. ஒரு வாரம் பாதிரியார், ஒரு வாரம் சைவப் புலவர், ஒரு வாரம் மௌல்வி என்று மாறி மாறிப் பேசுவார்கள். நான் பாவாடை கட்டிய காலத்தில் தொடங்கியது, நான் டீச்சர் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போன பிறகும் ஒரு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பேச்சு பெரும்பாலும் தூக்கம் வரவழைக்கும். அதன் உயிர் கடைசி ஐந்து நிமிஷத்தில் இருந்தது. நேயர் ஒருவர் எழுதி அனுப்பிய சங்கடத்தை வாசிப்பார்கள். பதில் சொல்ல மாட்டார்கள். பதில் அடுத்த ஞாயிறு. அதுவரை நீங்களும் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நேர்ந்துவிட்ட ஆடு தொலைந்துபோனால் வேறு ஆட்டைக் கொடுத்து நேர்ச்சையை முடிக்கலாமா? பக்கத்து வீட்டுக் கோழி நம் வீட்டு வைக்கோலில் முட்டையிட்டால் முட்டை யாருக்கு? ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் போன இடத்தில் தெரியாமல் கறிக்குழம்பு ஊற்றிவிட்டால் என்ன செய்வது? இப்படி வரும். ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சுதான்.

அப்பா இதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ரேடியோவை அணைத்ததும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு மாற்றக் கூடாது. யாருடைய தீர்ப்பு அடுத்த ஞாயிறு ரேடியோ சொல்லும் பதிலோடு ஒத்துப்போகிறதோ, திங்கட்கிழமை காலை முதல் காப்பி அவருக்கு. பக்கத்து வீட்டுப் பூக்கடைக்காரரின் மனைவியும் மடியில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு, தொடுத்தபடியே இதில் கலந்துகொள்வார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்த அக்காவுக்குப் பாதிரியார் பேசும் வாரம்தான் ரொம்பப் பிடிக்கும்.

முதல் காப்பி பெரும்பாலும் எனக்குத்தான். எனக்கு வாய் நீளம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வதே எனக்கு அவமானமாக இருக்கும். மற்றவர்கள் தொண்டையைக் கனைப்பதற்குள் நான் தீர்ப்பை எழுதிக் கையெழுத்தே போட்டுவிடுவேன். கேள்வியில் இருப்பவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள் என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை கன்னிவாடிப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். தென்னந்தோப்பும் கத்தரித் தோட்டமும் உள்ள, எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை ஆறேகால் நிகழ்ச்சி கேப்பீங்களா?"

"விட மாட்டோம்" என்றேன். அவர் ஊரில் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்பாராம். இந்த ஆளோடு வாழ்நாள் முழுக்க வழக்காடலாம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

எங்களவர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று பூசைக்கு நடுவே சாமியார் வாசிப்பார். எங்கள் வீட்டு வழக்கப்படி கல்யாணப் பெண் தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது. அதனால் என்னை விடியற்காலை முதல் பூசைக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் ஓலை வாசிக்கும் இரண்டாம் பூசைக்குப் போனார்கள். ஊரே என்னைப் பற்றிக் கேட்டது, நான் மட்டும் வீட்டில் இட்லிக்கு ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் ஓலை வாசித்த அன்று மாலை ரேடியோவில் இந்தக் கேள்வி வந்தது. எனக்கு இன்றும் ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது. "எனக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு முன் காசநோய் கண்டு, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்று முழுவதும் குணமாகிவிட்டேன். பெண் வீட்டாருக்கு இது தெரியாது. சொன்னால் திருமணம் நின்றுவிடும், சொல்லாதே என்கிறார்கள் என் வீட்டார். சொல்லாமல் இருப்பது பாவமா?"

எழுதியவர் பெயர் கிடையாது. மதுரை மாவட்டத்திலிருந்து ஒரு நேயர், அவ்வளவுதான். அப்போது திண்டுக்கல், பழனி, பெரியகுளம் எல்லாமே மதுரை மாவட்டம். அதில் நிச்சயமான மாப்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

பூக்கடை அக்கா நாரைப் பல்லில் கடித்தபடி முதலில் பாய்ந்தார். "அந்த மாப்பிள்ளைய முருங்கை மரத்துல கட்டி வச்சு நாலு சாத்து சாத்தணும். ஒரு பொண்ணு உசுரோட வெளாடுறதா?"

அம்மா, "பாவம், ஆனாலும் சொல்லித்தான் ஆகணும்" என்றாள். அப்பாவும் சொல்ல வேண்டும் என்ற கட்சிதான். மூன்று பேர் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டால் எனக்கு மறுபக்கம் போகாவிட்டால் தூக்கம் வராது.

"எதுக்குச் சொல்லணும்? சீக்குக்காரன் பொழைச்சு வந்தும் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னா அம்புட்டு ஆஸ்பத்திரி எதுக்குக் கட்டி வச்சிருக்காங்க? தீந்துபோன சீக்கு தீந்துபோனதுதான். நானா இருந்தா ஒரு கேள்வி கேக்காம கழுத்த நீட்டுவேன்!"

கையை வேறு ஆட்டிச் சொன்னேன். அக்கா பூவைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தாடி, வாயப் பாரு" என்றார். அப்பா சிரித்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாப்பாட்டின்போது அப்பா, தட்டைப் பார்த்துக்கொண்டே திடீரென்று கேட்டார். "ஏத்தா, ஞாயித்துக்கிழமை ஒரு தீர்ப்புச் சொன்னியே. அதே முடிவுலதான் இருக்கியா?"

"மாத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதானே" என்றேன்.

"மாத்தலாம். இந்த ஒரு தடவை மாத்தலாம்."

தோற்றுப்போகும் பயத்தில் என்னைக் குழப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் கேட்டேன். அம்மா கரண்டியைப் பிடித்தபடி செத்த நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வைத்தாள்.

இரண்டாம் ஞாயிறு மத்தியானம் அம்மா என்னைச் சின்னாளப்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குச் சுங்கடிச் சேலை எடுக்க வேண்டுமாம். சாதாரணமாகப் பத்தே நிமிஷத்தில் சேலை எடுக்கிறவள், அன்று ஒரு நெசவாளர் வீட்டில் உட்கார்ந்து மடித்ததை எல்லாம் பிரிக்கச் சொன்னாள். "அம்மா, ஆறேகால் போயிரும்" என்று நான் நச்சரித்தேன். வீட்டுக்கு வரும்போது ஏழு மணி ஆகிவிட்டது. ரேடியோமேல் துணியைப் போர்த்தியாயிற்று.

"என்ன பதில் சொன்னாங்கப்பா?"

அப்பா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீ சொன்னதுதான்" என்றார்.

மறுநாள் ஜெயித்தவருக்கான முதல் காப்பியை அம்மாவுக்குப் பதில் அப்பாவே ஆற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அப்படி அவர் செய்ததே இல்லை. கல்யாணமாகிப் போகப்போகிற பெண் என்ற பாசம் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் ஓலையும் வாசித்து முடிந்தது. கல்யாணம் நடந்தது.

ஏழு மாதம் நன்றாகவே போனது. அவர் அதிர்ந்து பேசாத மனிதர். நான் வழக்குக்கு இழுத்தால் சிரித்தே தோற்றுப்போவார். ஞாயிறு மாலை இருவரும் பஞ்சாயத்து ரேடியோவுக்குப் போவோம். பெண்கள் பக்கம் நான், ஆண்கள் பக்கம் அவர், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தீர்ப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கம்பளியை எடுக்க அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு பெரிய காக்கி உறை. உள்ளே எக்ஸ்ரே படம். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்புகள், மேலே ஒரு பக்கத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. கூடவே ஒரு சீட்டு. அவர் பெயர், வயது, மதுரைப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரி, பதினான்கு மாதம். தேதி எங்கள் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முந்தியது.

முதலில் வந்தது பயமோ துக்கமோ இல்லை. ஏமாற்றிவிட்டானே என்ற ஆத்திரம். முருங்கை மரத்தில் கட்டி வைக்கச் சொன்ன அக்காதான் நினைவுக்கு வந்தார். அதற்குப் பிறகே பயம் வந்தது. ஏழு மாதம் ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஒரே பாய்.

அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது படத்தை மேஜைமேல் விரித்து வைத்திருந்தேன்.

"இது யாரோடது?"

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னுதுதான். ஏன்?"

ஏன் என்று கேட்டார்! முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பழைய வேட்டியைக் காட்டிக் கேட்டிருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மெல்ல மாறியது.

"உனக்குத் தெரியுமே" என்றார். "தெரியும்தானே? நான்தான் உங்கப்பாகிட்டச் சொன்னேனே. அவர் உன்னையக் கேட்டுட்டுத்தானே சொன்னாரு."

"யார் என்னையக் கேட்டா?"

பிறகு அவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நிச்சயமானவுடன் ரேடியோவுக்கு அந்தக் கேள்வியை எழுதியவர் அவர்தான். அது வாசிக்கப்பட்ட அன்று பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து ஊரே கேட்டுச் சிரித்ததாம், எழுதியவனை வாய்க்கு வந்தபடி ஏசியதாம். நடுவில் இவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் வியாழக்கிழமை பஸ் ஏறி, அப்பாவின் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சொல்லிவிட்டார். அப்பா அவரை உட்கார வைத்து, எழுதியது நீங்கள்தான் என்று ரேடியோவில் கேட்டபோதே ஊகித்துவிட்டோம், என் மகளிடம் கேட்டாகிவிட்டது, அவள் சம்மதம் சொல்லிவிட்டாள் என்றாராம்.

"நீ சொன்னத வார்த்தைக்கு வார்த்தை சொன்னாரு. சீக்குக்காரன் பொழைச்சு வந்தும் கல்யாணம் பண்ணக் கூடாதுன்னா ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேட்டியாமே. ஒரு கேள்வி கேக்காம கழுத்த நீட்டுவேன்னு சொன்னியாமே." அவர் படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். "எத்தனை தடவை அதை எனக்குள்ள சொல்லிப் பாத்திருக்கேன் தெரியுமா? அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் மனுசனா நடமாடுறேன்."

என் வாய்ப்பேச்சு, என் கையாட்டல், ஒரு காப்பிக்காக நான் போட்ட கூச்சல், எல்லாம் திரும்பி வந்து என் முன்னால் நின்றது. நான் அடுப்படிக்குப் போனேன்.

அன்று செய்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. காப்பி போட்டேன். எனக்கு வழக்கமான டம்ளரில் ஊற்றிக்கொண்டேன். அவருக்கு, பரணிலிருந்து விளிம்பு நசுங்கிய பழைய பித்தளை டம்ளர் ஒன்றை எடுத்து, விளக்கி, அதில் ஊற்றிக் கொடுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு அவரே கழுவி, மற்ற பாத்திரங்களோடு சேர்க்காமல் ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திண்டுக்கல் பஸ் ஏறினேன். அப்பா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். உட்காரக்கூட இல்லை நான்.

"அந்தக் காசநோய்க் கேள்விக்கு ரேடியோவுல என்ன பதில் சொன்னாங்கப்பா?"

எந்தக் கேள்வி என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "பொண்ணுகிட்டச் சொல்லணும்னாங்க. பெத்தவங்ககிட்டச் சொன்னாப் பத்தாது, தாலி கட்டிக்கப்போற பொண்ணுக்குத் தெரியணும்னாங்க."

"நான் சொன்னதுதான்னு சொன்னீங்க."

"ஆமா."

"பொய்."

"பொய்தான் ஆத்தா."

பள்ளிக்கூடத்தில் பொய் சொன்ன பிள்ளையை அடிக்காமல், ஒருநாள் முழுக்க அவனோடு பேசாமலே இருந்து அழ வைக்கிற மனிதர் என் அப்பா. அவர் வாயிலிருந்து இதைக் கேட்டதும் எனக்கு அந்த எக்ஸ்ரேயைப் பார்த்ததைவிட அதிர்ச்சியாக இருந்தது.

"ஓலை ஒண்ணு வாசிச்சாச்சு. ஊரே கேட்டாச்சு" என்றார். "அதுக்கப்புறம் நின்னா உன்னையத்தான் நாலு விதமாப் பேசுவாங்க. அந்தப் பையனும் தங்கமான பையன். அழுதுட்டே வந்து நின்னான். நீயும் வாயத் தொறந்து சம்மதம் சொல்லியிருந்த. வியாழக்கிழமை ராத்திரி மறுபடியும் கேட்டேனே."

"அது ரேடியோவுக்குச் சொன்னதுப்பா! எனக்குன்னு தெரிஞ்சிருந்தா..."

"மாட்டேன்னு சொல்லியிருப்ப" என்று அவரே முடித்தார். "அதனாலதான் சொல்லல."

ஆக, நான் பேசியது வெறும் வாய்ப்பேச்சு என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதையே கொண்டுபோய் அந்த மனிதரிடம் சத்தியவாக்காகக் கொடுத்திருக்கிறார். அம்மா கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபோதுதான் சின்னாளப்பட்டியில் அவள் ஏன் அத்தனை சேலையைப் பிரித்தாள் என்பது விளங்கியது. கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்துவதற்கு என்னிடம் ஒரு நியாயமும் முழுசாக இல்லை. ஜன்னல் ஓரம் கவிழ்ந்திருந்த டம்ளர் கண்ணுக்குள்ளேயே நின்றது. சாப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

ஊரில் பஸ் நின்றபோது பஞ்சாயத்து ரேடியோவில் ஆறேகால் நிகழ்ச்சி முடியப்போகிற நேரம். ஆட்கள் தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே உட்காராமல் பஸ் நிற்கிற இடத்தில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். என் பையை வாங்கிக்கொண்டார். தோப்பு வரை நடந்தோம்.

பிறகு அவர் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா, கழுத்த நீட்டியிருப்பியா?"

கோழி முட்டை முதல் நேர்ச்சை ஆடு வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருந்த எனக்கு வாய் எழும்பவில்லை. இல்லை என்றால் அவரைக் கொன்றதாகும். ஆமாம் என்றால் அந்த டம்ளருக்கு என்ன சொல்வது?

"சரி, விடு" என்றார் அவர். "பதில் அடுத்த ஞாயித்துக்கிழமை." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த நசுங்கிய டம்ளரை எடுத்து, மற்றதோடு சேர்த்துக் கழுவி, வரிசையில் வைத்தேன். மறுநாள் காலை கைக்கு அகப்பட்ட டம்ளரில் காப்பியை ஊற்றி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். வரிசையில் தேடி அந்த டம்ளரை எடுத்து, காப்பியை அதில் மாற்றிக்கொண்டார். "இதுதான் என்னுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டுப் பிடுங்கியிருப்பேன்.

பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தோம். அவர் நெஞ்சில் எந்தக் குறையும் வரவில்லை. எனக்கும் வரவில்லை, பிள்ளைகளுக்கும் வரவில்லை. நானும் பதில் சொல்லவில்லை, அவரும் மறுபடி கேட்கவில்லை. கடைசிவரை அந்த டம்ளரிலேயே குடித்தார். அப்பா ஏன் எப்போதும் அந்த நசுங்கிய டம்ளரிலேயே குடிக்கிறார் என்று பிள்ளைகள் கேட்டபோது, அது அவருக்குப் பிடித்த டம்ளர் என்று நான்தான் சொன்னேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அம்மா சொன்னதுதான்" என்றார்.